காவலும் சோறும்

பொத்தேரியில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் ஆறு வருடமாக வார்டனாக இருக்கிறேன். பல்கலைக்கழகத்தை நம்பி ஜி.எஸ்.டி. சாலைக்கும் ரயில் பாதைக்கும் இரண்டு பக்கமும் வரிசையாக முளைத்த விடுதிகளில் ஒன்று. நான்கு மாடி, நூற்று எண்பது பெண்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி சொன்னது இவ்வளவுதான்: "பொண்ணுங்க பத்திரமா இருக்கணும், பசியோட இருக்கக் கூடாது. மத்தது எல்லாம் அப்புறம்." இரவு எட்டரைக்கு கேட்டைப் பூட்டுவேன். ஒன்பதரைக்குள் மெஸ்ஸில் எல்லாரும் சாப்பிட்டாயிற்றா என்று பார்ப்பேன். காவலும் சோறும்தான் என் வேலை.

போன சித்திரையில் மூன்றாவது மாடியில் ஒரு சண்டை வந்தது. தண்ணீருக்குத்தான். லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்துகொண்டிருந்த சமயம். ஒரே அறையில் இருந்த நான்கு பெண்கள் ராத்திரியே துணி துவைத்துத் தொட்டியைக் காலி செய்துவிடுகிறார்கள், காலையில் எங்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை என்று மாடி முழுக்கப் புகார். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு என்னிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். நான் விசாரிப்பதற்குள் ஒரு ராத்திரி வாய்ச்சண்டை முற்றி, யாரோ வாளியைத் தூக்கி எறிந்து, ஒரு பெண்ணுக்கு நெற்றியில் ரத்தம்.

முதலாளிக்குப் போன் செய்தேன். "நாலு பேர் வீட்டுக்கும் அப்பாகிட்ட பேசிடுங்க" என்றார். அதுதான் விடுதியின் விதி. மணி பதினொன்று. நான்கு அப்பாக்களையும் எழுப்பினேன். மூன்று பேர் போனிலேயே மகள்களைத் திட்டித் தீர்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். நான்காமவர் ஒன்றும் பேசவில்லை. விடிவதற்கு முன்னால் வேன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "இவளை வெளியில தங்க விட்டதே தப்பு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் இரண்டாம் வருடம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பி வரவே இல்லை. அவள் கட்டிலுக்கு இரண்டு மாதத்தில் வேறொரு பெண் வந்துவிட்டாள்.

வாளியை எறிந்தது அவள் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதெல்லாம் நடந்து நாலைந்து மாதம் கழித்து, வரலாறு படிக்கும் ஒரு பெண் செல்போனை நீட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அன்று கையெழுத்துப் போட்ட நாற்பது பேரில் அவளும் ஒருத்தி. "மேம், இதைப் பாருங்களேன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே லேடீஸ் ஹாஸ்டல்ல சண்டை."

அவள் காட்டியது வேடல் கல்வெட்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசிப் பக்கம் உள்ள சின்ன ஊர் வேடல். கல்வெட்டில் அதன் பெயர் விடால். அங்கே ஒரு குன்றில் ஆண்டார் மடம் என்று ஊரார் சொல்லும் குகை இருக்கிறது. சமணத் துறவிகள் வாழ்ந்த இடம். அங்கே பாறையில் இராசகேசரிவர்மனின் பதினான்காம் ஆட்சியாண்டில் வெட்டிய எழுத்துகள் உள்ளன. அவன் முதலாம் ஆதித்த சோழன் என்று கொண்டு, ஏறக்குறைய கி.பி. 885 என்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். குணகீர்த்தி படாரர் என்ற ஆசிரியரின் மாணவி கனகவீரக் குரத்தியார் என்ற துறவிதான் அந்தக் கல்வெட்டின் நாயகி. மாணவிகள் ஐந்நூறு பேருக்கும் தவம் செய்யும் பெண்கள் நான்கு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய மாணவிகளையும் நாங்கள் காத்து, சோறிட்டு வருவோம் என்று ஊரார் பொறுப்பேற்றுக்கொள்கிறார்கள்.

ஐந்நூறு பேர் ஒரு பக்கம், நான்கு பேர் ஒரு பக்கம். படித்துவிட்டு நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"போய்ப் பாக்கலாமா மேம்?" என்றாள்.

தை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கிளம்பினோம். ஞாயிறு என்றால் எங்கள் பெண்கள் மாமல்லபுரம் போவார்கள், கடற்கரைக் கோயில் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வந்தவாசிக்கு அவுட்பாஸ் கேட்டது இவள்தான் முதல் ஆள். விதிப்படி அவள் அப்பாவிடம் நான் அனுமதி வாங்க வேண்டும். "கூட ஜென்ட்ஸ் யாராவது வராங்களா மேடம்?" என்று கேட்டார். "நான் போறேன் சார்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார். எனக்கு வயது நாற்பத்தேழு.

பொத்தேரியில் மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கினோம். அங்கிருந்து உத்திரமேரூர் வழியாக வந்தவாசி பஸ். உத்திரமேரூரில் பஸ் நின்றபோது, "குடவோலை!" என்றாள் ஜன்னலைக் காட்டி. எனக்கும் நினைவிருந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 என்று வருடத்தோடு மனப்பாடம் செய்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள், சொந்த மனை, வரி கட்டும் நிலம், வேதப் படிப்பு என்று தகுதிகளை வரிசையாக எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தக் குடத்துக்குள் ஒரு பெண்ணின் பெயராவது போயிருக்குமா என்று ஆசிரியர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்கு முப்பத்தைந்து வருடம் முன்னால், அங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில், பெண்கள் கூடிப் படித்த ஒரு பள்ளிக்கு ஊரே பொறுப்பேற்றது. அந்தக் கல்வெட்டை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

வந்தவாசியில் கோரைப்பாய்க் கடைகளைத் தாண்டி வந்து, டவுன் பஸ் ஒன்று, பிறகு ஆட்டோ ஒன்று. அறுவடை முடிந்த வயல்களும் வேர்க்கடலைக் கொல்லைகளுமாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் குன்று என்றே தோன்றாது. யாரோ பெரிய உருண்டைக் கற்களைக் கொண்டுவந்து குவித்துவிட்டுப் போனது போல இருக்கும். அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் வழி கேட்டோம். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆம்பளைங்க யாரும் வரலியா?"

"இல்லம்மா, நாங்க ரெண்டு பேருதான்."

"ஆண்டார் மடம் மேல இருக்குது. பாத்து ஏறுங்க, முள்ளு. வெயிலுக்கு முன்ன எறங்கிடுங்க." அப்புறம் தானாகவே பாதி தூரம் கூட வந்தார்.

சப்பாத்திக்கள்ளியும் சீத்தாச் செடியும் மண்டிய பாதை. மேலே போனதும் பெரிய பாறை ஒன்று கூரை போல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் குகை. பிற்காலத்தில் கட்டிச் சேர்த்த கட்டுமானம் அங்கங்கே சிதைந்து கிடந்தது. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்க, உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சி. வௌவால் நாற்றம். பாறையில் கரியால் எழுதிய காதலர் பெயர்கள். ஒரு மூலையில் உடைந்த பாட்டில்.

ஐந்நூறு பேர் இங்கே எப்படி இருந்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி. வார்டன் புத்தி. ஐந்நூறு பேருக்கு உலை வைக்க எவ்வளவு அரிசி, எவ்வளவு விறகு, எவ்வளவு தண்ணீர்? சமணத் துறவிகள் பொழுது சாய்ந்தால் சாப்பிடக் கூடாது. வந்தவாசி வட்டாரத்தில் இன்றும் வாழும் தமிழ்ச் சமணர்களில், நயினார் என்று சொல்வார்களே, அவர்களில் இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படியென்றால் ஐந்நூறு பேரின் பசியும் பகலுக்குள்ளேயே தீர வேண்டும். நான் நூற்று எண்பது பேருக்கே திணறுகிறேன். அந்த எண்ணிக்கை கல்லை வெட்டியவர்கள் பெருமைக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். ஆனால் ஊர் கூடிப் பொறுப்பேற்க வேண்டிய அளவுக்கு அவர்கள் பெரிய கூட்டம்தான்.

அவள் எழுத்துகளைத் தேடித் தடவிக்கொண்டிருந்தாள். "குரத்தின்னா என்னன்னு முதல்ல எனக்குத் தெரியல மேம். குறி சொல்ற குறத்தின்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா இது சின்ன ர."

அவள் சொன்னது சரிதான். குரவர் என்றால் ஆசிரியர், வழிகாட்டி. அதன் பெண்பால் குரத்தி. பள்ளியில் சமயக் குரவர் நால்வர் என்று படித்திருக்கிறோம், நால்வரும் ஆண்கள். இருமுது குரவர் என்றால் தாயும் தந்தையும். ஆக, அம்மா ஆனால் ஒரு பெண் குரவர் ஆகலாம், அதுவும் அப்பாவோடு சேர்ந்து. ஆசிரியராக இருந்து அந்தப் பெயரை வாங்கிய பெண்களுக்கென்று தமிழில் தனியாக ஒரு சொல் இருந்தது என்பதையே நாம் மறந்துவிட்டோம்.

இத்தனைக்கும் கனகவீரக் குரத்தியார் ஒருவர் மட்டும் இல்லை. தெற்கே கழுகுமலையில் பாறை முழுக்க வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் எத்தனையோ பேர் குரத்தியர். ஆற்காட்டுப் பக்கம் விளாப்பாக்கத்தில் 945ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கிணறு வெட்டுவித்தவர் பட்டினிக் குரத்தி அடிகள். அடிகள் என்றால் இன்று நம் மனதில் ஒரு ஆண்தான் வருகிறார், இல்லையா?

எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, செய்யூர்ப் பக்கம் ஓணம்பாக்கத்தில், சமணர் படுக்கைகள் உள்ள ஒரு குன்றுக்குப் பெயர் குறத்தி மலை. எல்லாரும் பெரிய ற போட்டுத்தான் எழுதுகிறார்கள். "அதுவும் சின்ன ர-வா இருந்தா மேம்?" என்று அவள் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே ஒரு எழுத்து மாறினால் மலைக்கே சொந்தக்காரி மாறிவிடுகிறாள். இந்தக் குகையும் அப்படித்தான். ஆண்டார் என்பது மரியாதைச் சொல்தான், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் ஆண்டார் மடம் என்றதும் தாடி வைத்த ஒரு சாமியார்தான் கண்ணில் வருகிறார். ஆடு மேய்த்த அம்மாவிடம், "இங்க ஒரு பொம்பளை சாமியாரும் அவங்ககிட்ட படிச்ச பொண்ணுங்களும் இருந்தாங்கம்மா" என்று சொன்னோம். "பொம்பளைங்களா? மலையிலயா?" என்றார். கொஞ்சம் கழித்து, "யாரு சோறு போட்டா?" என்றார்.

அதுதான் சரியான கேள்வி. கல்லில் எழுதியிருப்பதே அதற்கான பதில்தான்.

அங்கே உட்கார்ந்து கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டோம். அந்த அம்மாவுக்கும் கொடுத்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. சண்டை எதைப் பற்றி என்று கல் சொல்லவில்லை. தண்ணீராக இருக்கலாம், சோறாக இருக்கலாம், இடமாக இருக்கலாம், படிப்பாகவும் இருக்கலாம். "நாலு பொம்பளைங்க சேர்ந்தா சண்டைதான்" என்று சொல்கிறவர்கள் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் பெரிய கூட்டமாக ஆட்கள் சேர்ந்து வாழ்ந்தால் ஒத்துப்போகாத நாள் வரத்தான் செய்யும். ஆண்களின் மடங்களில் வராத சண்டையா, ஏறாத கோர்ட்டா? என்னைத் தைத்தது சண்டை இல்லை, அதற்கு ஊர் சொன்ன பதில்.

அவர்கள் பள்ளியை இழுத்து மூடவில்லை. "பெண்களைச் சேர்ந்து தங்க விட்டதே தப்பு" என்று கல்லில் எழுதி வைக்கவில்லை. ஐந்நூறு பேரையும் அவரவர் தகப்பன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பவில்லை. ஒத்துப்போகவில்லையா, சரி, குரத்தியாரும் மாணவிகளும் எங்கள் பொறுப்பு, நாங்கள் காக்கிறோம், நாங்கள் சோறு போடுகிறோம் என்றார்கள். கேட்டைப் பூட்டும் அதே காவல், மெஸ்ஸில் போடும் அதே சோறு. ஆனால் அவர்கள் அதைக் கொடுத்தது பெண்கள் இங்கேயே இருப்பதற்காக. நான் அந்த ராத்திரி போனை எடுத்தது ஒரு பெண்ணை வெளியே அனுப்புவதில் முடிந்தது.

இதைப் பொற்காலமாக்கிப் பேச நான் வரவில்லை. தமிழ்ச் சமணர்கள் திகம்பரப் பிரிவினர். பெண் உடம்போடு வீடுபேறு கிடையாது, ஆணாகப் பிறந்து வந்தால்தான் உண்டு என்பது அந்தப் பிரிவின் கொள்கை. முக்தி கிடையாது என்று சொன்ன சமயத்துக்குள்ளேதான் இந்தப் பெண்கள் படித்தார்கள், கற்பித்தார்கள், குரத்தி என்று பெயர் வாங்கினார்கள். சோறு போடுகிறவர்கள் அதற்குப் பதிலாக என்ன கேட்டார்களோ. காவல் என்ற சொல்லுக்குள் கண்காணிப்பும் இருக்கிறது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஊர் திரும்பிய பிறகு, உலகத்தில் வேறெங்கே இப்படிப் பெண்கள் மடங்கள் இருந்தன என்று தேடிப் படித்தேன். ஜெர்மனியில் டிசிபோடன்பெர்க் என்ற மடம் இன்று மரங்களுக்கு நடுவே இடிந்த சுவர்களாகக் கிடக்கிறது. ஹில்டகார்ட் என்ற பெண் துறவி 1112இல், பதினான்கு வயதில், அங்கே அடைபட்டார். பின்னாளில் அங்கிருந்த பெண்களுக்குத் தலைவியானார். 1150 வாக்கில் இருபது பேர் அளவில் கன்னியரை அழைத்துக்கொண்டு, மடத்தின் தலைவர் தடுத்தும் கேளாமல், ரைன் நதிக்கரையில் பெண்களுக்கென்றே தனியாக ஒரு மடம் அமைத்தார். அவர் எழுதியவையும் இசையமைத்தவையும் கிடைத்திருக்கின்றன, இன்றும் பாடுகிறார்கள். கனகவீரக் குரத்தியார் அவருக்கு இருநூற்று ஐம்பது வருடத்துக்கும் மேல் மூத்தவர். அவர் மாணவிகளுக்கு என்ன கற்பித்தார் என்பதற்கு ஒரு வரிகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது அந்தச் சண்டையும் ஊரின் வாக்கும். அதுவும் கல்லில் வெட்டியதால்.

குகையிலிருந்து இறங்கும்போது அவள் திடீரென்று கேட்டாள்: "மேம், அவளோட நம்பர் உங்ககிட்ட இருக்கா?" யாரை என்று நான் கேட்கவில்லை. "நானும் கையெழுத்துப் போட்டேன் மேம். தண்ணி வரலன்னுதான் போட்டேன். அவ போகணும்னு போடல."

"போன் பண்ணது நான்தாம்மா" என்றேன். இரண்டு பேரும் அதற்கு மேல் பேசவில்லை. முள் குத்தாமல் பார்த்துப் பார்த்து இறங்கினோம்.

பொத்தேரி வந்து சேர எட்டே முக்கால். வார்டனே லேட். ரிஜிஸ்டரில் இரண்டு பேருக்கும் சரியான நேரத்தையே எழுதினேன்.

மறுநாள் அவளுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தார்கள், பிறகு அவளிடம் கொடுத்தார்கள். ஊரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாளாம். விட்டுப்போன பாடங்களை அஞ்சல் வழியில் முடிக்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னாள்: "நீங்க அன்னிக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மேம்."

கேட்டிருக்கலாம். முதலாளி சொன்னார், விதி இருந்தது, ராத்திரி நேரம், ரத்தம் என்று எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. சேர்வதற்கு என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்து அனுப்புகிறேன் என்றேன். அனுப்பியும் விட்டேன். அது ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

விடுதி விதியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். முதலாளி படித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டார். "பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க மேடம்" என்றார். அதனால் என் கைக்கு எட்டுவதை மட்டும் செய்கிறேன். இப்போதெல்லாம் மாடியில் சண்டை வந்தால், முதலில் எல்லாரையும் மெஸ்ஸில் உட்கார வைத்துச் சாப்பிட வைக்கிறேன். பிறகு ஒவ்வொருத்தியிடமும் என்ன நடந்தது என்று கேட்கிறேன். வீட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், யாரிடம் சொல்லட்டும் என்று அந்தப் பெண்ணையே கேட்கிறேன். ஒருத்தி அம்மா என்கிறாள். ஒருத்தி அக்கா என்கிறாள். போன வாரம் ஒருத்தி, "எங்க டீச்சர்கிட்ட சொல்லுங்க மேம், அவங்க அப்பாகிட்ட பேசிக்குவாங்க" என்று பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரின் நம்பரைக் கொடுத்தாள்.

அந்த நம்பரை ரிஜிஸ்டரில் காப்பாளர் என்ற கட்டத்தில் எழுதினேன். உறவு என்று கேட்டிருந்த இடத்தில், சின்ன ர போட்டு, குரத்தி என்று எழுதினேன்.